பேர் மாறிப்போச்சு

ஆம்பூரில் இறங்கிக் கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் ஒரு பெண்மணி என்னைக் குடிகாரன் என்று சொல்லிவிட்டாள்.

ரயில் நிலையத்துக்கு எதிரே டீக்கடை. என்னை அழைத்துப்போக வந்திருந்த சாலமன், நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் சூடான கண்ணாடித் தம்ளரைக் கையில் திணித்துவிட்டான். என் வலது கை தன் வேலையைக் காட்டியது. பாதி டீ என் சட்டையில், மீதி பக்கத்தில் நின்றவளின் சாப்பாட்டுப் பையில். கம்பெனிக்குப் போகிற அவசரத்தில் இருந்தவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "காலங்காத்தாலயே போட்டுட்டு வந்துட்டான் பாரு" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பியரைக்கூட மோந்து பார்த்ததில்லை நான். சாலமன் சும்மா விடுவானா? "இன்னாம்மா பேசற நீ? அவருக்கு நரம்பு வியாதி. மலேசியாலருந்து வைத்தியத்துக்கு வந்திருக்காரு" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினான். அவள் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாள். கடையில் இருந்த எல்லாரும் என் கையையே பார்த்தார்கள். அவள் திட்டியதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். இவன் ஊரைக் கூட்டி அறிவித்ததைத்தான் தாங்க முடியவில்லை.

என் பெயர் அருளப்பன். கிள்ளானில் செருப்புக்கடை வைத்திருக்கிறேன். சாலமன் என் மனைவி மேரியின் தம்பி. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை. கடையைப் பார்த்துக்கொள்ள மேரி அங்கேயே தங்கிவிட்டதால் நான் மட்டும் கிளம்பி வந்தேன்.

என் கை இரண்டும் சும்மா இருக்கும்போது ஒழுங்காகத்தான் இருக்கும். எதையாவது எடுக்கப் போனால்தான் ஆடத் தொடங்கும். சோற்றை எடுத்தால் வாய்க்கு வருவதற்குள் முக்கால்வாசி மடியில் விழும். மாத்திரை சாப்பிட்டுப் பார்த்தேன். கடையில் உட்கார்ந்தபடியே தூங்கினேன், நடுக்கம் போகவில்லை. எங்கள் ஊர் டாக்டர் மண்டையில் துளை போட்டுக் கம்பி வைக்கலாம் என்றார். கும்பிடு போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அப்போதுதான் சாலமன் போன் செய்தான். "மாமா, வேலூர்ல ஒரு ஆஸ்பத்திரில கத்தியே வைக்காம பண்றாங்களாம். ஸ்கேன்ல பாத்துக்கிட்டே சரி பண்ணிடறாங்களாம். வந்துடுங்க."

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நாலு பேர் நடுவில் உட்கார்ந்து மானமாக ஒரு வேளைச் சோறு தின்ன முடியுமா? "தின்னலாம் மாமா" என்றான்.

முதல் நாளே சாலமனின் மனைவி எஸ்தருக்கும் எனக்கும் முட்டிக்கொண்டது. காலையில் இட்லியை அடுக்கிவைத்துக் கூப்பிட்டாள். "பசியாறிட்டேம்மா" என்றேன். எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டுக்கே பசியாறல் என்றுதான் பெயர்; ரயிலிலேயே தின்றுவிட்டேன் என்று சொல்ல வந்தேன். அவளோ, பசி அடங்கிப்போச்சு, ஒன்றும் வேண்டாம் என்று நான் முறுக்கிக்கொண்டதாக எடுத்துக்கொண்டாள். மத்தியானம் தட்டை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். கதவுக்கு வெளியே அவள் குரல் கேட்டது. "எங்க வீட்டுச் சோறு அண்ணாவுக்குப் பிடிக்கல போல. உப்பு கம்மியா, காரம் ஜாஸ்தியான்னு வாயத் தொறந்து சொன்னா தேவல."

உப்பும் காரமும் கச்சிதம். கத்தரிக்காய்த் தொக்கை விரலைச் சப்பிச் சப்பித் தின்றேன். அதை அவளிடம் போய்ச் சொல்ல மட்டும் வெட்கமாக இருந்தது.

மறுநாள் சாலமன் தன் கம்பெனியைப் பார்க்கலாம் வாங்க என்று கூட்டிப்போனான். வழியில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பைத் தாண்டும்போது அடித்த நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஆயுசு பூராவும் செருப்பு விற்றவன் நான். என் கடைக்கு வருகிற தோலில் வருவது புதுப் பெட்டியின் வாசனை. அதற்கு முந்தைய கதை இப்படி மணக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சாலமனைப் பார்த்தேன். நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டு வந்தான். "எங்களுக்குத் தெரியறதே இல்ல மாமா. வேற ஊருக்குப் போனாதான் என்னமோ ஒண்ணு கொறையற மாதிரி இருக்கும்."

அவன் வேலை கடைசிப் பிரிவில். முடிந்த ஷூவை ஜோடி சேர்த்துப் பார்த்துப் பெட்டியில் போட வேண்டும். ஜோடியை அங்கே யாரும் ஜோடி என்று சொல்வதில்லை, இங்கிலீஷில்தான். பேர். "இந்தப் பேர் எடு", "அந்தப் பேர் தள்ளு" என்றுதான் பேச்சு. நாங்கள் நின்றபோதே ஒரு பெண் இரண்டு இடது காலை ஒரே பெட்டியில் வைத்துவிட்டாள். சூப்பர்வைசர் போட்ட கூச்சலில் நான் இரண்டடி பின்வாங்கினேன். "பேர் மாறிப்போச்சு! பேர் மாறிப்போச்சு! கண்ணு எங்க இருக்கு?" யாரோ செத்துப்போனது போல அந்த வரிசையே உறைந்து நின்றது.

"தையல் விட்டா மன்னிப்பாங்க மாமா. கறை இருந்தா தொடச்சிக்கலாம். பேர் மாறினா அவ்ளோதான். கன்டெய்னர் கப்பல் ஏறி அந்தப் பக்கம் போயி மானம் போய்டும்" என்று சாலமன் கிசுகிசுத்தான். வலதா இடதா என்று பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. வீட்டில் வாசலில் கிடக்கும் செருப்பைக்கூட ஜோடி சேர்த்து வைத்துவிட்டுத்தான் உள்ளே வருகிறான்.

அடுத்த நாள் வேலூர். பள்ளிகொண்டா தாண்டியதும் வாடகைக் கார் புகைவிட்டு நின்றுபோயிற்று. டிரைவர் முன்பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, கார் இனி நகராது என்று கையை விரித்தார். சாலமன் ரோட்டில் நின்று கையைக் காட்டினான். அவனுக்குத் தெரிந்தவர் டெம்போ ஒன்று நின்றது. பின்னால் பாதி பதனிட்ட ஈரத் தோல். வெளிர் நீல நிறத்தில், துவைத்துப் பிழிந்த போர்வைகளை அடுக்கியதுபோல ஏற்றியிருந்தார்கள். மாட்டுத் தோல் நீலமாக இருக்கும் என்று யார் கண்டது? முன்சீட்டில் இடமில்லை. டாக்டரைப் பார்க்கப் போகிற நான் நீல மாட்டுத்தோல் மேல் உட்கார்ந்து பாலாற்றுக் காற்று வாங்கிக்கொண்டு போனேன். கிள்ளானில் ரயில் தாமதமாக வந்தால் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சண்டைக்குப் போகிறவன் நான். அங்கே யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த பெண் எங்களைக் கண்டதும் ஜன்னலைத் திறந்துவிட்டாள்.

முதலில் மண்டை ஓட்டுக்கு ஒரு ஸ்கேன். எலும்பு ஒத்துவராத சிலருக்கு இந்த வைத்தியமே செய்ய முடியாதாம். எனக்கு ஒத்துவந்தது. அப்புறம் எம்.ஆர்.ஐ. அது முடிந்த பிறகு டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்காரவைத்துக் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். சாம்பல் நிறத்தில் ஏதோ பூசணிக்காய்த் துண்டு மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போனேன். திரையில் நீலமும் சிவப்பும் பச்சையுமாக நூல் நூலாகப் பிரிந்து ஓடின.

"இது உங்க மூளைல இருக்கற நரம்புப் பாதைங்க. இந்த நீலம் கை கால் பலத்துக்குப் போறது. இதைத் தொட்டுட்டா கை விழுந்துடும். இந்தச் சிவப்பு தொடு உணர்ச்சி. இங்க பட்டா உதடு, விரலெல்லாம் மரத்துப்போகும். ரெண்டுக்கும் நடுவுல மெல்லிசா பச்சை போகுது பாருங்க. அதுலதான் உங்க நடுக்கம் ஓடிட்டிருக்கு. முன்னல்லாம் எல்லாருக்கும் பொதுவா ஒரு அளவு வெச்சு இடத்தைக் குறிப்பாங்க. இப்ப உங்க தலையில அது எங்க போகுதோ அங்கயே பாத்துக் குறிக்கறோம்."

"எவ்வளவு பெரிய இடம் டாக்டர்?"

"ஒரு துவரம்பருப்பு இருக்கும்."

சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவில் ஒரு துவரம்பருப்பு! எதைக்கொண்டு அங்கே போவீர்கள் என்று கேட்டேன்.

"சத்தம்தான். கர்ப்பமா இருக்கறவங்களுக்கு ஸ்கேன் பண்றோமே, அந்த ஜாதி. காதுக்குக் கேக்காது. தலையைச் சுத்தி நூத்துக்கணக்கான இடத்துலருந்து அனுப்புவோம். தனித்தனியா ஒண்ணும் பண்ணாது. எல்லாம் ஒரு புள்ளில சேந்தா அங்க மட்டும் சூடாகும். எவ்வளவு சூடுன்னு எம்.ஆர்.ஐ.ல பாத்துட்டே இருப்போம்."

சின்ன வயதில் பூதக்கண்ணாடியை வெயிலில் காட்டிக் காகிதத்தைப் பொசுக்குவோம். அது ஞாபகம் வந்தது. அந்தக் காகிதம் இப்போது நான்.

"ரெண்டு கையும் ஆடுது. இப்போதைக்கு ஒரு கைக்குத்தான் பண்ணுவோம். எது?"

அவர் கேட்டு முடிப்பதற்குள் வலது என்றேன். சோறு தின்னும் கையை விட்டுவிட்டு வேறு எதைச் சொல்வது?

"அப்ப மூளைல இடது பக்கம்" என்றார்.

சாலமன் நாற்காலியில் நிமிர்ந்தான். "வலது கைக்கு இடது பக்கமா?"

"ஆமா. நரம்பு குறுக்கால மாறித்தான் போகும். எல்லாருக்கும் அப்படித்தான்."

ஊர் திரும்பும் வரை சாலமன் தன் இரண்டு கையையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே வந்தான். ஆண்டவன் மனுஷனை இப்படிக் குறுக்கே தைத்து வைத்திருப்பான் என்று அவன் எதிர்பார்க்கவே இல்லை.

இரண்டு நாள் கழித்துத் திரும்பப் போனோம். முதல் வேலையாகத் தலையை மழமழவென்று மழித்துவிட்டார்கள். ஒரு முடிகூட இருக்கக் கூடாதாம். கண்ணாடியில் பார்த்தபோது செத்துப்போன எங்கள் பெரியப்பா எட்டிப் பார்த்தார். பக்கத்துக் கட்டில்காரர் பரிவாக விசாரித்தார். "திருப்பதிங்களா?" "இல்லீங்க, எம்.ஆர்.ஐ." என்றேன்.

மறுநாள் காலை நெற்றியிலும் பின்மண்டையிலும் மரக்கிற ஊசி போட்டு, ஒரு இரும்பு வளையத்தைத் தலையில் திருகி முடுக்கினார்கள். கத்தி கிடையாது என்றார்களே, திருகாணியைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லையே! அதன்மேல் ரப்பர் தொப்பி, அதற்குள் சில்லென்று தண்ணீர். தலையை மேசையோடு பூட்டினார்கள். கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, தாங்க முடியாவிட்டால் அழுத்துங்கள், உடனே நிறுத்திவிடுவோம் என்றார்கள். மயக்க மருந்து கிடையாது. நான் விழித்திருந்து பேச வேண்டும், கையைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

சாலமன் டாக்டரம்மாவைக் கெஞ்சிக் கூத்தாடி, கம்ப்யூட்டர்கள் இருக்கும் பக்கத்து அறையில் நிற்க அனுமதி வாங்கியிருந்தான். வாயைத் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை.

ஆரம்பிப்பதற்கு முன்னால் நர்ஸ் ஒரு அட்டையைப் பிடித்துச் சுருள் ஒன்று வரையச் சொன்னாள். வரைந்தேன். கீழே விழுந்து சிதறிய இடியாப்பம் மாதிரி வந்தது.

முதல் சூடு வந்தது. சத்தம் கேட்கவில்லை. தலைக்குள் எங்கோ ஓர் இடத்தில் வெப்பம் ஏறியது. படுத்திருந்த மேசை என்னையும் தூக்கிக்கொண்டு சுழன்றது. உதடும் கட்டைவிரலும் ஜிவ்வென்றன. அலறிச் சொன்னேன்.

"சொன்னது நல்லதாப் போச்சு. சிவப்புக்குப் பக்கத்துல இருக்கோம். இம்மியளவு முன்னால நகத்தறோம்" என்றது ஸ்பீக்கரில் டாக்டரம்மாவின் குரல். என் தலைக்குள் இம்மி! இரண்டாவது சூடு. இந்த முறை உதடு பேசாமல் இருந்தது.

அப்புறம் எல்லாம் நின்றுபோயிற்று. ஸ்பீக்கரில் பேச்சு இல்லை. மேசை என்னை வெளியே தள்ளியது. நர்ஸ் ஓடிவந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"உங்க பேர் சொல்லுங்க."

"அருளப்பன்."

"அப்பா பேர்?"

சொன்னேன். பிறந்த தேதி கேட்டாள், சொன்னேன். என் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஓடினாள். அடுத்த நொடி இன்னொருவர் வந்தார். "ஐயா, உங்க பேர் இன்னா?"

சரியாகத்தானே சொன்னேன்? அல்லது சரி என்று நான் நினைப்பது தப்பா? இம்மியளவு என்று நகர்த்தினார்களே, நகர்த்திய இடத்தில்தான் என் பெயர் இருந்ததா? பொசுக்கிவிட்டார்களா? மேரியின் முகத்தை நினைத்துப் பார்த்தேன், வந்தது. ஏழாம் வாய்ப்பாட்டைச் சொல்லிப் பார்த்தேன். ஏழெட்டில் சிக்கிக்கொண்டேன். பள்ளிக்கூடத்திலும் அங்கேதான் சிக்குவேன் என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை. தலையை அசைக்க முடியாமல் கண்ணீர் காதுக்குள் வழிந்தது.

பக்கத்து அறையில் நடந்ததைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். திரையில் என் மூளை தெரிந்திருக்கிறது. இடது பக்கம் செய்ய வேண்டும் என்று சாலமனுக்கு மனப்பாடம். குறி போட்டிருந்ததோ திரையின் வலது பக்கத்தில். பிழைப்பே வலது இடது பார்ப்பதாக இருக்கிற மனுஷன். முதல் சூட்டில் வாயைப் பொத்திக்கொண்டான். இரண்டாவது சூட்டில் முடியவில்லை. கம்பெனியில் கத்துகிற அதே கத்தலைக் கத்திவிட்டான். "டாக்டரம்மா, நிறுத்துங்க! பேர் மாறிப்போச்சு!"

ஆஸ்பத்திரியில் இதைவிடப் பயங்கரமான வார்த்தை கிடையாது. வேறு ஆளைக் கொண்டுவந்து படுக்கவைத்துவிட்டோம் என்றுதான் அந்த அறையில் அத்தனை பேருக்கும் காதில் விழுந்தது. டாக்டரம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிறார். இவன் பாட்டுக்கு, "பேர் மாறிடுச்சு, பேரப் பாருங்க" என்று திரையைக் குத்திக் குத்திக் காட்டியிருக்கிறான். அவர்கள் பெயரைப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. திரும்பவும் பார்த்தார்கள். கடைசியில் ஆலங்காயத்து நர்ஸ் ஒருத்திக்குத்தான் விளங்கியது. அவள் அக்கா ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறாளாம். "டாக்டர், இவரு ஆளு பேரச் சொல்லல. ஷூ பேரச் சொல்றாரு. லெஃப்ட்டு ரைட்டு மாறிடுச்சுன்றாரு."

டாக்டரம்மா தள்ளிவிட்ட நாற்காலியை இழுத்து நேராக வைத்தாராம். பிறகு அவனைத் திட்டாமல் திரைக்குப் பக்கத்தில் கூட்டிப்போய் ஓரத்தில் இருந்த எழுத்தைக் காட்டியிருக்கிறார். "நாங்க நோயாளியோட கால்மாட்டுல நின்னு மேல பாக்கற மாதிரிதான் படம் எடுப்போம். அதனால அவரோட இடது பக்கம் நமக்கு வலது பக்கம் தெரியும்."

"ஓ! சோல் பக்கத்துலருந்து பாக்கறீங்களா?" என்றானாம் சாலமன். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே!"

டாக்டரம்மாவே வந்து என் தலைமாட்டில் குனிந்து நின்றார். "பயப்படாதீங்க. உங்க மச்சான் எங்க எல்லார் உயிரையும் எடுத்துட்டாரு. நீங்க நீங்கதான், இடமும் சரியாத்தான் இருக்கு. தொடரலாமா? வேணாம்னா இப்பவே அவிழ்த்துடறேன்."

பொத்தான் என் கையில் இருந்தது. அழுத்திவிட்டுப் போயிருக்கலாம். என் உடம்பு வேண்டாம் வேண்டாம் என்றுதான் துடித்தது. ஆனால் இந்தக் கையோடு கிள்ளானுக்குத் திரும்பி, கடைக்குப் பின்னால் கதவைச் சாத்திக்கொண்டு சாகிற வரைக்கும் சோறு தின்பதை நினைத்தேன். "செய்யுங்க டாக்டர்" என்றேன்.

அதற்குப் பிறகு வந்த சூடுகள் பெரியவை. ஒன்றில் வாந்தி வருகிற மாதிரி இருந்தது. ஒன்றில் நான் யாரையோ கெட்ட வார்த்தையில் திட்டினேன், யாரை என்று தெரியாது. ஒவ்வொன்றுக்கும் பிறகு கையைத் தூக்கு, மூக்கைத் தொடு, சிரி என்றார்கள். அந்த நிலையில் சிரிக்கச் சொன்னதுதான் எல்லாவற்றையும்விட அநியாயம்.

கடைசியாக, "கையைத் தூக்குங்க" என்றார். தூக்கினேன். கை கண்ணுக்கு எதிரே வந்து நின்றது. ஆடவில்லை, அசையவில்லை. நீலத்தைத் தொட்டுவிட்டார்கள்!

"டாக்டரம்மா, கை போச்சு! கை விழுந்துடுச்சு!"

"போகலங்க. நின்னிருக்கு. விரலை மடக்குங்க."

மடக்கினேன், மடங்கியது. நீட்டினேன், நீண்டது. நர்ஸ் அட்டையை நீட்டினாள். சுருள் வரைந்தேன். எண்ணெயில் போட்டு எடுக்கலாம், அச்சு அசல் முறுக்கு. பக்கத்தில் இடது கையைத் தூக்கிப் பார்த்தேன். அது வழக்கம்போல் வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒருவனுடைய கைகள் என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சாலமன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். தோள் குலுங்கியது. கூப்பிட்டேன். வரமாட்டேன் என்று தலையாட்டினான்.

அடுத்த சில நாட்கள் நடை தள்ளாடியது. போகப் போகச் சரியாகும் என்று சொல்லியிருந்தார்கள். இப்போது அந்த டீக்கடைப் பெண்மணி பார்த்திருந்தால் சந்தேகமே இல்லாமல் குடிகாரன் என்றிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் எஸ்தர் பிரியாணிக்கு அடுப்பு மூட்டினாள். சாலமனின் கம்பெனிக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், தெருக்காரர்கள் என்று வீடு கொள்ளாத கூட்டம். கூடத்தில் பாயை விரித்து இரண்டு வரிசையாக உட்காரவைத்தார்கள். என் கால் பழக்கத்தில் அறைப் பக்கம் திரும்பியது. எஸ்தர் கதவுக்குக் குறுக்கே வந்து நின்றாள். "எங்க போறீங்கண்ணா? எடம் இங்க இருக்குது."

உட்கார்ந்தேன். எல்லார் கண்ணும் என் கைமேல்தான் இருக்கும், எனக்குத் தெரியும். சீரகச் சம்பாவைத் தொக்கோடு பிசைந்து ஒரு கவளம் எடுத்தேன். சிந்தவில்லை. இன்னொன்று எடுத்தேன். அதுவும் சிந்தவில்லை. ஒரு பருக்கை, ஒரே ஒரு பருக்கைகூட மடியில் விழவில்லை.

எஸ்தர் கறித்துண்டு வைக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். "இன்னாத்துக்குண்ணா இப்படித் தட்டுல மூஞ்சிய வெச்சிட்டிருக்கீங்க? அதான் கை மேல வருதே. நிமிந்து சாப்டுங்க."

அப்போதுதான் கவனித்தேன். என் முகம் தட்டுக்கு ஒரு சாண் உயரத்தில் இருந்தது. ஆடுகிற கையை நம்பாமல் வாயைக் கொண்டுபோய்ச் சோற்றிடம் கொடுத்தே பழகிய கழுத்து, கை நின்றது தெரியாமல் தன்பாட்டுக்குக் குனிந்திருந்தது.

கஷ்டப்பட்டு நிமிர்ந்தேன். கவளத்தோடு கை மேலே வந்தது. அதை வாயில் வாங்கிக்கொண்டே எதிர் வரிசையைப் பார்த்தேன், பக்கத்து வரிசையைப் பார்த்தேன். தொக்கு கேட்டார்கள், எலும்பைக் கடித்தார்கள், கம்பெனிக் கதை பேசிச் சிரித்தார்கள். ஒருவர்கூட என் கையைப் பார்க்கவில்லை.